யாரும் கொடுக்காத வாத்து

ஆர்டிஸ் ட்வெட்டனுக்காக யாராவது கடைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றால், அவள் அந்தக் கதவைத் தாண்டிப் போய்ப் பக்கத்துக் கதவைத் தானே தள்ளிக்கொண்டு உள்ளே நுழைவாள். பக்கத்துக் கதவு இல்லாத கடையென்றால், பிடித்துக்கொண்டு நிற்பவர் சலித்துப் போகும்வரை வண்டியிலேயே உட்கார்ந்திருப்பாள். திமிர் என்பார்கள் எங்கள் ஊரில். திமிர்தான். ஐம்பத்து நாலு வயதில் இடது கைக் கட்டைவிரலும் அதற்கு அடுத்த இரண்டும் போன பிறகு, மிச்சம் இருக்கிற சொத்து அதுதான் என்றால் அதை எந்த மடையன் விட்டுக்கொடுப்பான்?

தெற்கு டகோட்டாவின் வடகிழக்கு மூலையில், ட்வெட்டன் பண்ணையில் மூத்தவளாகப் பிறந்தவள் அவள். அவளுக்கு அடுத்து இரண்டு வருஷம் கழித்து லோவெல் பிறந்தான். டிராக்டர் ஓட்டியது, கன்றுக்குட்டியை இழுத்து வெளியே போட்டது, கல் பொறுக்கியது எல்லாம் இரண்டு பேரும்தான். அப்பா போகும்போது நிலம் முழுக்க லோவெலுக்குப் போனது. ஆண்பிள்ளை அல்லவா. ஆர்டிஸ் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஊருக்குள் சின்னதாக ஒரு வீடு வாங்கிக்கொண்டு பள்ளிப் பேருந்து ஓட்டப் போனாள். ஒரு கல்யாணம் செய்து பார்த்தாள். அது சரிப்படவில்லை. அவன் மினசோட்டா பக்கம் போய்விட்டான், அவள் மீன்பிடிப் படகை வைத்துக்கொண்டாள். அந்த நிலத்தில் அவள் விட்டுத்தராதது ஒன்றே ஒன்றுதான். மார்ச் கடைசியில் பனி உருகி, வெள்ளை வாத்துகள் வடக்கே திரும்பும்போது, அறுத்த மக்காச்சோளத் தட்டைக்கு நடுவே ஒரு துப்பாக்கியோடு படுத்திருக்கும் இடம். பன்னிரண்டு வயதிலிருந்து அது அவளுடைய இடம்.

விரல் போனது போன வருஷத்துக்கு முந்தைய அறுவடையில். லோவெலுக்கு ஒத்தாசையாகச் சோளத்தைக் குதிருக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே திருகுத் தண்டு சுழன்று சோளத்தை மேலே ஏற்றுகிற குழாயில் அடைப்பு எடுப்பதற்காக லோவெல் மூடியைக் கழற்றினான், திரும்பப் போட மறந்தான். அவளுடைய கையுறையின் நுனி உள்ளே போனது. அவ்வளவுதான் விஷயம். அதற்குமேல் சொல்வதற்கு எனக்கும் மனம் வரவில்லை.

பேருந்து இனி ஓட்ட முடியாது என்று பள்ளி நிர்வாகத்தில் வருத்தத்தோடு சொன்னார்கள். "வருத்தத்த உங்க கோட்டுப் பையில வச்சுக்குங்க, பரிட்சைய வைங்க," என்றாள். பனிப்புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் வைத்தார்கள். பேருந்தைப் பின்பக்கமாகவே பள்ளி வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு இறங்கிப் போனாள். இப்போதும் அவள்தான் ஓட்டுகிறாள்.

ஆனால் வாத்து வேட்டை வேறு மாதிரி. அதில் பரிட்சை வைக்க ஆள் இல்லை. அன்பு காட்டத்தான் ஆள் இருந்தது.

துப்பாக்கிக் குழலுக்குக் கீழே தோட்டா போட ஒரு குழாய் இருக்கிறதே, இலையுதிர் காலத்தில் அதில் ஒரு மரக்குச்சியைச் செருகி மூன்று தோட்டாவுக்கு மேல் போகாதபடி அடைத்துவிட வேண்டும், சட்டம் அப்படி. வசந்தத்தில் வெள்ளை வாத்துக்கு மட்டும் அந்தச் சட்டம் கிடையாது. அது பெருகிப் பெருகி வடக்கே இருக்கிற புல்லையெல்லாம் வேரோடு தின்று தீர்க்கிறது என்று அரசாங்கமே சுடச் சொல்கிறது. குச்சியை உருவிப் போட்டுவிட்டுக் குழாய் கொள்கிற மட்டும் போடலாம். ஆர்டிஸின் துப்பாக்கி தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வகை. சுடுவதற்குப் பிரச்சினை இல்லை. இடது உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு வலது கையால் சுட்டுவிடுவாள். சுட்டுத் தீர்ந்த பிறகு திரும்பத் தோட்டாவைக் குழாய்க்குள் தள்ளுவதற்குத்தான் இடது கட்டைவிரல் வேண்டும். வலது கையாலும் தள்ளலாம். துப்பாக்கியைக் கவிழ்த்து, முழங்காலுக்கு நடுவே இடுக்கி, கையுறையைப் பல்லால் கழற்றி, ஒவ்வொன்றாகப் போட்டு முடிப்பதற்குள் வாத்து கனடா போய்ச் சேர்ந்துவிடும்.

அதனால் போன வசந்தத்தில் லோவெல் அவளுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டான். ஒவ்வொரு கூட்டம் போனதும் கையை நீட்டி அவள் துப்பாக்கியை வாங்கித் தோட்டா போட்டுத் திருப்பிக் கொடுத்தான், குழந்தைக்குப் பால் புட்டியை நிரப்பித் தருவது போல. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாதது இன்னொன்று.

எங்கள் பக்கம் வேட்டையில் ஒரு மரியாதை உண்டு. இரண்டு துப்பாக்கி ஒரே பறவையைக் குறிவைத்து அது விழுந்தால், யார் சுட்டது என்று தெரியாது. அப்போது ஒருவர் முந்திக்கொண்டு "அது உன்னோடது" என்று அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார். விருந்தாளிக்குக் கொடுப்பார்கள், பிறந்தநாள்காரருக்குக் கொடுப்பார்கள். நாளுக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை. லோவெல் போன வசந்தம் முழுக்க விழுந்த எல்லாவற்றையும் ஆர்டிஸுக்குக் கொடுத்தான். அவள் துப்பாக்கியைத் தூக்கவே தூக்காத போது விழுந்ததைக்கூட, "அது உன்னோடது ஆர்டிஸ்!" என்றான். பிறகு ஊர் காபிக் கடையில் உட்கார்ந்து, "எங்க ஆர்டிஸ் இன்னிக்கு எத்தன வாத்தச் சுட்டுத் தள்ளுனா தெரியுமா!" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னான். கேட்டவர்கள் எல்லாரும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "அடேயப்பா, நல்லா இருக்கே," என்றார்கள். அந்தத் தலைச் சாய்ப்பை அவளால் மறக்க முடியவில்லை.

அதனால் இந்தக் குளிர்காலத்தில் அவள் நீட்டுக் குழாய் ஒன்றை வரவழைத்தாள். துப்பாக்கியின் தோட்டாக் குழாய் நுனியில் திருகி மாட்டினால் இன்னும் ஆறு தோட்டா கூடக் கொள்ளும், மொத்தம் பதினொன்று. ஒரு தடவை நிரப்பினால் ஒரு கூட்டத்துக்குப் போதும். அடுத்த கூட்டம் வருவதற்குள் மெதுவாகத் தானே நிரப்பிக்கொள்ளலாம். மனசுக்குள் முடிவு செய்துவிட்டாள். இந்த வசந்தத்தில் தன் தோட்டாவைத் தானே போட்டுத் தானே சுட வேண்டும். முடியவில்லை என்றால் இனி அந்த வயலில் படுக்கவே போவதில்லை. வண்டிக்குள் உட்கார்ந்து சாண்ட்விச் பிரித்துத் தருகிற வேலைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும். இதை அவள் ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

குழாயைக் காபிக் கடைக்குக் கொண்டுவந்தது தப்பு. பக்கத்துப் பண்ணை டெல்மர் ஹெப்னர் அங்கே இருந்தான். மூன்றாவது துப்பாக்கிக்காரன் அவன்தான். சின்ன வயதிலிருந்து மூன்று பேரும் அந்த வயலில் ஒன்றாக வேட்டையாடியவர்கள்.

"என்ன ஆர்டிஸ், வீட்டுல தண்ணி வரலையா? குழாயத் தூக்கிட்டு அலையற?"

"உன் வாயில அடைப்புன்னாங்க. குத்தி எடுக்கலாம்னு வந்தேன்."

டெல்மர் குழாயை வாங்கிக் கையில் எடை பார்த்தான். "இது வேண்டாத வேலை. முதல் மூணு தோட்டாவுல விழாதது அப்புறம் விழாது. மிச்சம் எல்லாம் வானத்துக்கு வாணவேடிக்கை. வாத்து அதுக்குள்ள எட்டாத தூரம் போயிருக்கும். முனை வேற கனக்கும். சேறு ஒட்டுனா தோட்டா உள்ளயே நின்னுரும். கழட்டும்போது சுருள்கம்பி எகிறும் பாரு, போன வருஷம் என் மச்சானோடது எகிறி வயல்ல போனது போனதுதான், இன்னும் தேடறான்."

அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

"எதுக்குக் கஷ்டப்படணும்?" என்றான் லோவெல். காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே பேசினான், அவள் கையைப் பார்க்காமல் பேசுவது அவனுக்குப் பழக்கமாகிவிட்டது. "நான்தான் பக்கத்துலயே இருக்கேன்ல. நான் போட்டுத் தரேன்."

"அதுக்காகத்தான் வாங்கியிருக்கேன்," என்றாள் ஆர்டிஸ்.

வீட்டுக் கொட்டகையில் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. மேலே சேவல்போல ஒரு காட்டுப்பறவை பறக்கும் படம், கீழே தேதிகள். வெடிமருந்து இல்லாத தோட்டாக்களை முழுக்க நிரப்பி, இடது உள்ளங்கையில் தாங்கி அந்தப் பறவையைக் குறிபார்த்தாள். ஒரு மூச்சு விடுவதற்குள் முனை இறங்கி வெள்ளிக்கிழமையில் போய் நின்றது. தினம் செய்தாள். ஜனவரி, பிப்ரவரி இரண்டையும் அப்படிக் குறிபார்த்தே கிழித்தாள். கடைசியில் தெரிந்துகொண்டது இதுதான்: முழுக்க நிரப்பினால் கை தாங்காது. எந்தக் கைக்காகக் குழாய் வாங்கினாளோ அந்தக் கைதான் அதைச் சுமக்க மறுத்தது. ஏழு தோட்டாவோடு நிறுத்தினால் முனை பறவை மேலேயே நின்றது. அப்படியானால் பாதிக் குழாய் காலியாகத் தொங்கும். அதற்கு இத்தனை பெரிய குழாய் எதற்கு என்று டெல்மர் கேட்பான். கேட்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். ஏழு போதும் என்று நிதானமாக முடிவு செய்திருந்தாள். இதை நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்று காலை அவள் செய்தது வேறு.

மார்ச் கடைசி, விடிகிற நேரம். பறக்கிற கூட்டத்தை ஏமாற்றி இறக்குவதற்கு நூற்றுக்கணக்கான வெள்ளைப் பொம்மை வாத்துகள் வயலில் நின்றன, ஒலிபெருக்கியில் வாத்துச் சத்தம் கத்திக்கொண்டிருந்தது. ஒளிந்துகொள்வதற்காகத் தட்டை போர்த்திய தாழ்வான கூண்டுகளில் மூவரும் மல்லாக்கப் படுத்திருந்தார்கள். நடுவில் ஆர்டிஸ், வலப்பக்கம் லோவெல், இடப்பக்கம் டெல்மர். சேறு பாதி உறைந்திருந்தது. ஆர்டிஸ் ஏழாவது தோட்டாவைத் தள்ளிவிட்டு நிறுத்தினாள்.

"அவ்ளோதானா?" என்றான் டெல்மர், கூண்டுக்குள்ளிருந்தே எட்டிப்பார்த்து. "ரயில் நீளத்துக்குக் குழாய வாங்கிட்டு ஏழே பேர ஏத்தறியே! பயமா இருக்கா?"

"டேய் டெல்மர்," என்றான் லோவெல், "சும்மா இருடா. அவ கையில..."

"என் கையில என்ன?" என்றாள் ஆர்டிஸ்.

ஆர்டிஸ் மீதி நாலையும் எடுத்து முழுக்க நிரப்பினாள். டெல்மரின் கிண்டலை அவள் விழுங்கியிருப்பாள். தம்பி அவளுக்காகப் பரிந்து பேசியதுதான் அவளைக் கிளப்பிவிட்டது. வீம்பில் செய்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்தே செய்தாள்.

கூட்டம் வந்தது. முதலில் தெற்கே ஒரு புகைபோல, பிறகு சத்தம், பிறகு தலைக்குமேல் வானமே வெள்ளையாகச் சுழன்று இறங்க ஆரம்பித்தது. "இப்போ!" என்று லோவெல் கத்தினான். மூவரும் எழுந்து உட்கார்ந்தார்கள். ஆர்டிஸ் சுட்டாள். முனை இறங்கியது. தூக்கினாள், சுட்டாள், மறுபடி இறங்கியது. ஒவ்வொரு தோட்டாவும் வாத்துக்குக் கீழே போவது அவளுக்கே தெரிந்தது. கடைசி இரண்டு முன்னால் நின்ற பொம்மைகளின் தலையைத் துளைத்துக்கொண்டு போயின. பதினொன்றும் தீர்ந்தது. அவள் துப்பாக்கிக்கு ஒரு இறகுகூட விழவில்லை.

தட்டைக்கு நடுவே ஆறேழு வாத்து கிடந்தன. எல்லாம் மற்ற இரண்டு பேருடையவை. டெல்மருக்குச் சிரிப்பு தொண்டைவரைக்கும் வந்துவிட்டது, ஆனால் அவள் கையைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினான். அதை அவள் பார்த்தாள். இந்தப் பக்கத்திலிருந்து லோவெலின் குரல் வந்தது, உற்சாகமாக, தேனொழுக:

"அதோ ரெண்டு! ரெண்டும் உன்னோடது ஆர்டிஸ்! சூப்பர்!"

கூடவே அவன் கை நீண்டது, அவள் துப்பாக்கியை வாங்கி நிரப்புவதற்கு.

ஆர்டிஸ் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். தட்டியது இடது கையால்தான். மிச்சமிருந்த இரண்டு விரலால்.

"எது என்னோடது?"

"அந்த ரெண்டும்... பாத்தேனே..."

"என்னத்தப் பாத்த? நான் மண்ணச் சுட்டேன்டா. பொம்மையச் சுட்டேன். ஓட்டையப் போய்ப் பாரு. உனக்கும் தெரியும், டெல்மருக்கும் தெரியும்."

"சரி விடு ஆர்டிஸ், இதுல என்ன இருக்கு..."

"இல்ல, சொல்லு. போன வருஷமும் இப்படித்தான். எத்தன வாத்து குடுத்திருக்க எனக்கு? மூணு விரலுக்கு எத்தன வாத்துன்னு கணக்கு வச்சிருக்கியா லோவெல்? இன்னும் எத்தன பாக்கி இருக்கு? முழுசாக் குடுத்து முடிச்சிட்டா நீ என் மூஞ்சியப் பாத்துப் பேசுவியா?"

டெல்மர் வானத்தில் ஏதோ மிக முக்கியமான மேகம் இருப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூடிய நான்தான் போடல," என்றான் லோவெல் கடைசியில். மிகவும் மெதுவாகச் சொன்னான்.

"தெரியும். நீதான் போடல. கைய உள்ள விட்டது நான். அத நான் எடுத்துக்கிட்டேன்ல? என்னோடத நான் எடுத்துக்கறேன், உன்னோடத நீ வச்சுக்க. ஆனா வாத்தா மாத்தி என் தலையில கட்டாத. எனக்கு வேண்டாம். நான் தப்பவிட்டது என்னோடது. பதினொண்ணும் என்னோடது. அதுல ஒண்ணுகூட உனக்குத் தரமாட்டேன்."

ஒலிபெருக்கி வாத்து மட்டும் கத்திக்கொண்டே இருந்தது. ஆர்டிஸ் துப்பாக்கியைக் கவிழ்த்து முழங்காலுக்கு நடுவே இடுக்கினாள். கையுறையைப் பல்லால் கழற்றினாள். வலது கையால் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். விரல் நுனி மரத்துப்போய் ஒரு தோட்டா சேற்றில் விழுந்தது. லோவெலின் கை முன்னே வரப் பார்த்தது. ஆனால் நீளவில்லை. அவள் குனிந்து எடுத்து, கால்சட்டையில் துடைத்துப் போட்டாள். ஏழு வந்ததும் நிறுத்தினாள். டெல்மர் பார்த்தான், வாயைத் திறக்கவில்லை.

அடுத்த கூட்டம் வர வெகுநேரம் ஆனது. வந்தபோது சின்னக் கூட்டம், ஆனால் ஏமாந்த கூட்டம். நேராகப் பொம்மைகளுக்கு நடுவே காலைத் தொங்கவிட்டுக்கொண்டு இறங்கியது. "இப்போ!" என்றான் டெல்மர், லோவெல் சொல்லவில்லை. மூவரும் சுட்டார்கள். ஆர்டிஸின் முனை இந்தத் தடவை இறங்கவில்லை. மூன்று சுட்டாள். ஒன்றும் அவளுக்கு விழுந்ததாக அவள் நினைக்கவில்லை. நிறுத்தினாள். மற்ற இருவரும் படபடவென்று தீர்த்துவிட்டுக் குனிந்து தோட்டாவைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளை வாத்துக்கு ஒரு புத்திகெட்ட பழக்கம் உண்டு. கலைந்து ஓடிய கூட்டத்தில் நாலைந்து, கீழே கிடக்கிற கூட்டாளியைத் தேடித் திரும்பி வரும். அன்றும் வந்தன. நாலு வாத்து, தாழ்வாக, குறுக்கே. லோவெல் வாயில் கையுறையைக் கவ்விக்கொண்டிருந்தான். டெல்மரின் கையில் இரண்டு தோட்டா, இன்னும் குழாய்க்குள் போகவில்லை.

ஆர்டிஸின் துப்பாக்கியில் நாலு இருந்தது. முதலாவது தவறியது. இரண்டாவதும் தவறியது. மூன்றாவதுக்கு ஒரு வாத்து கழுத்தை மடக்கிக்கொண்டு, அவ்வளவு உயரத்திலிருந்து பொத்தென்று சேற்றில் வந்து விழுந்தது. நாலாவதை அவள் சுடவே இல்லை.

லோவெலின் வாய், பழக்கதோஷம், தானாகவே திறந்தது. "அது உ..." என்று ஆரம்பித்தான். பிறகு தன் கையில் இருந்த காலித் துப்பாக்கியைப் பார்த்தான். கொடுப்பதற்கு அவனிடம் ஒன்றும் இல்லை. அந்த வாத்தில் அவனுக்குப் பங்கே கிடையாது.

"என்னோடது காலி," என்றான்.

"என்னோடதும்," என்றான் டெல்மர்.

விழுந்ததை எடுத்துவர நாய் இல்லாத நாளில் சுட்டவர்தான் நடக்க வேண்டும். ஆர்டிஸ் எழுந்து நடந்தாள். பூட்ஸ் ஒவ்வொரு அடிக்கும் சேற்றிலிருந்து உருவிக்கொண்டு வந்தது. வாத்தின் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். அழுதாளா என்று கேட்டால், அழுதாள். காற்று அடித்ததால் கண்ணில் தண்ணீர் என்று அவளே சொல்லிக்கொள்ளட்டும், அன்று காற்றே இல்லை.

மதியம் காபிக் கடைக்குப் போனார்கள். கடைக்காரி ஜனெல் மூன்று கோப்பையையும் கேட்காமலேயே நிரப்பினாள். சர்க்கரைப் பாகு வழிகிற கேரமல் ரோல் மூன்று வைத்தாள். பிறகு போன வசந்தம் முழுக்கக் கேட்ட அதே கேள்வியை, அதே குரலில், தலையை அதே பக்கமாகச் சாய்த்துக்கொண்டு கேட்டாள்:

"இன்னிக்கு ஆர்டிஸுக்கு எத்தன, கண்ணு?"

கேள்வியை அவள் லோவெலைப் பார்த்துத்தான் கேட்டாள். லோவெல் ஆர்டிஸைப் பார்த்தான். அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

"ஒண்ணு," என்றான்.

கடையில் யாரோ கரண்டியைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. ஜனெலின் தலை நிமிர்ந்தது. "ஒண்ணுதானா?"

"மீதியையும் சொல்லு," என்றாள் ஆர்டிஸ்.

"வேணாம் ஆர்டிஸ்..."

"சொல்றியா, நான் சொல்லவா?"

லோவெல் தொண்டையைச் செருமினான். "முதல் கூட்டத்துல பதினொண்ணு சுட்டா. பதினொண்ணும்... கீழ போச்சு. பொம்மை ரெண்டு செத்துப்போச்சு."

டெல்மரால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. எழுந்து நின்றான். ஒரு வெண்ணெய்க் கத்தியைத் துப்பாக்கியாகப் பிடித்துக்கொண்டு, "டுமீல்!" என்று அதைத் தரைக்கு இறக்கினான், முக்கி முனகித் தூக்கினான், "டுமீல்!" என்று மறுபடி இறக்கினான். "கடைசியில ஒரு பொம்மைக்கு நேரா நின்னு, 'சரணடைஞ்சிரு!'ன்னா பாருங்க!" அடுத்த மேசையில் இருந்த சோளக் கம்பெனிக்காரர் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். ஜனெல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கல்லாமேசையில் சாய்ந்தாள். கடை முழுக்கச் சிரித்தது.

அந்த அறுவடைக்குப் பிறகு இந்த ஊர் ஆர்டிஸ் ட்வெட்டனைப் பார்த்து ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. பேருந்துக் கண்ணாடியில் மோதிய மானைப் பற்றி அவள் சொன்ன நகைச்சுவைக்குக்கூடத் தலையைத்தான் சாய்த்தார்கள். இப்போது வாய்விட்டு, ஈவிரக்கமே இல்லாமல் சிரித்தார்கள். ஆர்டிஸும் சிரித்தாள், அவர்கள் எல்லாரையும்விடச் சத்தமாக.

"அப்போ அந்தக் குழாயத் தூக்கிப் போட்டுருவியா?" என்று கேட்டாள் ஜனெல், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"எதுக்குப் போடணும்? சும்மா சொல்லக்கூடாது, நல்ல சாமான்." இரண்டு விரலால் கேரமல் ரோலைப் பிடித்து, வலது கையால் பிய்த்தாள். "ஆனா ஏழுதான் போடணும். எட்டாவது போட்டா டெல்மர் நாடகம் போட ஆரம்பிச்சிடுவான்."

லோவெலும் சிரித்தான். அவள் எதிரில், அவள் கையைப் பார்த்துக்கொண்டே சிரித்தான்.